கால் பக்கம்

எங்கள் பத்திரிகைக்குப் படியளப்பவர்கள்
இறந்தவர்கள்தாம்.
கண்ணீர் அஞ்சலி, கால் பக்கம், எழுநூறு ரூபாய்.
ஆண்டு நினைவுக்கும் அதே விலை.
மங்கிய போட்டோவைத் துலக்கித் தர
நூர்ஜகான் தனியே ஐம்பது வாங்குவாள்.

முதுநகரில் ஒரு மாடி அறை,
கீழே கருவாட்டுக் கிடங்கு.
மாதம் இருமுறை, நாலு பக்கம்.
விலை ஐந்து. அச்சுக்கூலி ஏழு.
கணக்குத் தெரிந்தவர்கள்
இந்த வரியோடு எழுந்து போகலாம்.

புயல் வந்தால்தான் நாங்கள் கடலூர்.
அது கரையைக் கடக்கும்போது
கேமராக்களும் கூடவே கடந்துவிடும்.
மிச்சமுள்ள முன்னூற்றுச் சொச்ச நாளும்
கெடிலத்தில் தண்ணீர் போவதும் போகாததும்
எங்கள் சொந்த விஷயம்.

போன ஐப்பசியில் நாலு வரி போட்டோம்:
சோனாங்குப்பத்துச் சைரன் கம்பத்தில்
பேட்டரி இல்லை.
மாற்றியதாகப் பில் இருக்கிறது.

அந்த நாலு வரிக்கு ஆனது
மனுவுக்கு ஒட்டிய பத்து ரூபாய் ஸ்டாம்ப்,
கலெக்டர் ஆபீசுக்கு எட்டு நடை,
நாற்பத்து மூன்று நாள்,
ஜெராக்ஸ்,
ஏணி பிடித்த பையனுக்கு டீயும் பன்னும்,
மேலே ஏறிப் பெட்டியைத் திறந்தபோது
உள்ளே கூடு கட்டியிருந்த மைனா
என் மணிக்கட்டில் கொத்திய காயத்துக்கு ஊசி.

காண்டிராக்டர் போன் செய்தார்.
கோபமே இல்லை.
"அப்பா படம் இனிமே உங்க பேப்பர்ல வேணாம்மா."
அவ்வளவுதான்.
அதன்பின் மூன்று இதழ்களுக்கு
அவர் சொந்தக்காரர்களெல்லாம்
வேறு பத்திரிகையில் இறந்தார்கள்.

கால் பக்கம் காலி.
"பிள்ளையார் படம் வைக்கட்டுமா?"
நூர்ஜகான்தான் கேட்டாள்.
வேண்டாம் என்றேன்.
வெள்ளையாகவே போனது.
டீக்கடையில் அதில் ஒருவர்
சீட்டுக் கணக்குப் போட்டிருந்தார்,
ஒருவர் பஜ்ஜி எண்ணெயை ஒற்றியிருந்தார்.
அதற்காவது ஆனதே.

ஐஸ் பேக்டரி காத்தவராயன்
படியேறி வந்தது அந்த வாரம்.
தோளில் ஈரச் சாக்கு.
மேசையில் வைத்த நோட்டுகளும் ஈரம்.
"கண்ணீர் அஞ்சலி ஒண்ணு போடணும்."
"யாருக்கு?"
"எனக்குதான்."
"எப்போ?"
"அது யாருக்குத் தெரியும்? அட்வான்ஸா வச்சுக்குங்க.
நாள் வர்றவரைக்கும் அந்த எடத்துல
கம்பம் சேதியே போவட்டும்.
என் தம்பி கடல்ல இருக்கறப்ப
அது கத்தணும்ல."

"அதுக்குள்ள விலை ஏறிட்டா?"
"போட்டோவச் சின்னதாப் போடுங்க."

ரசீதில் 'மறைந்த தேதி' என்றொரு கட்டம்.
நூர்ஜகான் பேனாவை எடுத்தாள், வைத்தாள்,
பென்சிலால் மெல்லிதாக ஒரு கோடு இழுத்தாள்.

இப்போது பதினோரு ரசீது.
வலை பின்னும் செல்லக்கிளி,
துறைமுகத்து லாரி டிரைவர் இருவர்,
பெயரை மட்டும் போடு, சாதியைப் போடாதே என்ற
தபால்காரர் சூசைநாதன்.
மகள் காலேஜ் பீஸுக்கென்று ஒருவர்
திருப்பி வாங்கிப் போனார்; தலையைச் சொறிந்தபடி.
ஒருவர் நிஜமாகவே போய்விட்டார்.
அவர் பணம் என்றைக்கோ காகிதமாகியிருந்தது.
கடன் வாங்கி அரைப் பக்கம் போட்டோம்.

இதை முறை என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.
சாவை நம்பிக் கடை நடத்துவதாகத்தான்
என் கணவர் சொல்கிறார்.

நேற்று மதியம் முன்னறிவிப்பில்லாமல்
சைரன் அலறியது. சோதனையாம்.
நாய்கள் ஓடின. ஏலம் நின்றது.
மைனா ஒன்று கம்பத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது.
காத்தவராயன் இரு காதையும் பொத்திக்கொண்டு
என்னைப் பார்த்து ஏதோ கத்தினான்.
கேட்கவில்லை.

இந்த இதழ் இரவு அச்சுக்குப் போகிறது.
முதல் பக்கத்தில், நாலு வரி: பேட்டரி வந்துவிட்டது.
முன்னூற்று நாற்பது ரூபாய்
இன்னும் துண்டு விழுகிறது.